வளைத்து வைத்த கோடு

மகன்,

"அம்மா, நான் வாறவரைக்கும் அந்தக் கொம்பியூட்டர் செற்றிங் ஒண்டையும் தொடாதேங்கோ" என்று பஸ்ஸில் கால் வைக்கும்போதும் சொன்னாய். தொட்டுவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கோபிப்பதைப் பிறகு ஆறுதலாகக் கோபித்துக்கொள். தொட்டதால் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்திருக்கிறது. இன்று பின்னேரம் நீ கொழும்பில் அந்த ஹோட்டல் பியானோவின் முன்னால் போய் உட்காருவதற்கு முன் அது உன் காதுக்கு வந்தாக வேண்டும். ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து போன் செத்துக் கிடக்கிறது. நீயும் அப்பாவும் போய்ச் சேர்ந்தீர்களா, ஹபரணைச் சோதனைச் சாவடியில் மறித்து இறக்கினார்களா, ஒன்றுமே எனக்குத் தெரியாது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பதும், திரும்ப வைப்பதும், வந்து நாலு வரி எழுதுவதுமாக இருக்கிறேன். நசீர் அடுத்த கிழமை தன் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகும்போதுதான் இது உன் கைக்கு வரும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதாமல் சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அப்பா கூட வருவது உனக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாய். பக்கத்தில் நரைத்த தலை ஒன்று இருந்தால் சோதனைச் சாவடியில் கேள்வி குறையும், அவ்வளவுதான். இந்த ஊரில் உன் வயதில் ஒரு ஆண்பிள்ளையை வைத்திருக்கிற தாய்மார் எல்லோரும் செய்கிற கணக்குத்தான் அது. பாலையூற்றில் என்னிடம் சங்கீதம் படித்த பெடியன் கடைக்குப் பாண் வாங்கப் போனவன், இன்னும் வரவில்லை. அவனுடைய தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் எனக்கு முன் வாங்கில் இருக்கிறாள். அவளுடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் செபம் சொல்கிறேன். என் பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்பதே அந்த நேரம் எனக்கு வெட்கமாக இருக்கும். ஆகவே உல்லாசக் கப்பலில் சாப்பாட்டு மண்டபத்தில் பியானோ வாசிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று நீ வந்து சொன்னபோது, அது நல்ல வேலையா கெட்ட வேலையா என்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கப்பல் இங்கிருந்து வெளியே போகிறது, அது எனக்குப் போதும்.

இங்கே நேற்றிலிருந்து வெடி ஓயவில்லை. உனக்குத் தெரிந்ததுதான். துறைமுகப் பக்கமிருந்து குடாவின் அந்தக் கரைக்குப் போகிற பெரிய ஷெல் வெடி. போகிற சத்தம் ஒன்று, போய் விழுகிற சத்தம் ஒன்று. இரண்டுக்கும் இடையில் நாங்கள் ஒருவரும் கதைப்பதில்லை. கடைக்காரர் மிச்சக் காசைக் கையில் பிடித்தபடி நிற்பார், வகுப்பில் நான் வாயைத் திறந்தபடி நிற்பேன், அந்தக் கரையில் விழுந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். நசீரின் உம்மாவும் தங்கச்சியும் அந்தக் கரையில், மூதூரில் இருந்த காலத்தில் அவர் அந்த இடைவெளியில் கண்ணை மூடிக்கொள்வார். அவர்கள் இப்போது இடம்பெயர்ந்து கிண்ணியாவில் இருக்கிறார்கள், ஆனாலும் மூடிக்கொள்கிறார். பழகிப்போன உடம்பு காரணம் கேட்பதில்லை. நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

நீ சின்னவனாக இருந்தபோது நம் முன் அறையில் உண்மையான பியானோ ஒன்று இருந்தது. நான் வாசித்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒரு நாள் அந்திநேரம், உனக்கு ஒரு புது வால்ட்ஸ் காட்டித் தந்துகொண்டிருந்தேன். ஆமி ரோந்து கதவைத் தட்டியது. வீட்டுக்குள் என்ன கொண்டாட்டம், யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். ஒருவரும் வரவில்லை, மகனுக்குப் படிப்பிக்கிறேன் என்றேன். நம்பவில்லை. அப்பாவை விசாரணைக்கென்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் திரும்பி வந்தவர் என்ன நடந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்கே ஒரு பழைய போர்வையை மடித்துப் பியானோவின் வயிற்றுக்குள் சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் செருகினேன். "மெல்ல வாசி, இன்னும் மெல்ல" என்று உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கொஞ்சச் சத்தத்துக்குள்ளேயே மெல்லியது எது, ஓங்கியது எது என்று நீ பிரித்துக் காட்டப் பழகினாய். நல்ல கெட்டிக்காரன் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சில மாதம் பெரியம்மா வீட்டில் போய் இருந்தோம். திரும்பி வந்து திறந்தால் பியானோ வெளியே பளபளவென்று நிற்கிறது, மூடியைத் தூக்கினால் உள்ளே மண். கறையான் சுத்தியல் ஒன்றைக்கூட மிச்சம் விடவில்லை. நான் அழுததைப் பார்த்து அப்பா, "ஷெல் விழாத வீட்டில கறையானாவது வரட்டுமன்" என்று பகிடி விட்டார். அந்த நேரத்தில் அவரை அடித்திருப்பேன். நசீர்தான் அந்தக் கட்டத்தில் கடையில் கிடந்த ஒரு பழைய கொம்பியூட்டரையும் பிளாஸ்டிக் கட்டை வைத்த கீபோட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "டீச்சர், ஒரு சீடி இருக்கு. இதைப் போட்டா கொம்பியூட்டரே பியானோவா மாறும். ஹெட்போனைக் கொழுவினா வெளிய ஒரு குருவிக்கும் கேக்காது" என்றார். வெளியே கேட்காது என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அதை வீட்டுக்குள் எடுத்தேன்.

கப்பல்காரர் பியானோ வாசித்த ஒலிப்பதிவு கேட்டபோது நம்மிடம் இருந்தது அது மட்டும்தான். அதிலிருந்து பியானோ வருவதற்குள் நாம் இரண்டு பேரும் பட்ட பாட்டைப் பார்த்து அப்பா பயந்து குசினிப் பக்கமாகவே நடமாடினார். முதல் நாள் கேட்ட சத்தம் தகரப் பேணியில் கரண்டியால் தட்டின மாதிரி இருந்தது. கட்டையை அமத்தினால் சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது. பிந்தலைக் குறைத்தாய், கொம்பியூட்டர் மூச்சு வாங்கிக் கரகரத்தது. மற்ற வேலைகளையெல்லாம் அதிலிருந்து கழற்றி எறிந்து, பிந்தாமலும் கரகரக்காமலும் ஒரு இடம் கண்டுபிடித்தாய். அடுத்தது, சுருதி அளவுக்கு மிஞ்சிச் சுத்தமாக இருக்கிறது என்று நான் தொடங்கினேன். உண்மைப் பியானோவில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி, மூன்றும் ஒன்றுபோல இருப்பதில்லை, மாரிகாலத்தில் நம்முடையதில் நடுவில் ஒரு சுரம் நடுங்கும். அந்த நடுக்கத்தை ஒரு மயிரிழை அளவுக்குக் கொண்டுவந்தாய். பெடலை மிதித்தால் அடிக்காத கம்பிகளும் சேர்ந்து முனக வேண்டும், விரலை எடுக்கும்போது உள்ளே கம்பளித் துண்டு வந்து கம்பியில் படுகிற சின்னச் சத்தம் கேட்க வேண்டும் என்றேன். அதற்கெல்லாம் ஒவ்வொரு திருகு அதற்குள் இருந்தது. எல்லாவற்றையும் தேடிப் பிடித்தாய்.

பெரிய சண்டை வந்தது, அந்தப் பியானோ எந்த மாதிரி மண்டபத்துக்குள் நின்று ஒலிக்க வேண்டும் என்கிற செற்றிங்குக்குத்தான். "அம்மா, இது பெரிய மேடையில வாசிக்கிற மாதிரி. எடுப்பா இருக்கும்" என்றாய். "கோயில் மணி அடிச்ச மாதிரிக் கிடக்கு. ஒரு சுரம் போக முன்னம் மற்றது வந்து ஏறுது. குறை" என்றேன். "உங்களுக்கு ஒண்டும் பிடிக்காது." "பிடிச்சாச் சொல்லுவன். குறை எண்டுறன்." ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டுப் போனாய். அந்தி வந்தபோது மண்டபத்தைச் சின்ன அறையாக்கி, பியானோவின் மூடியைப் பாதி சாத்தி வைத்துவிட்டு, வந்து கேளுங்கோ என்று மட்டும் சொன்னாய். கேட்டேன். நம் முன் அறை. யன்னல் சீலை காற்றில் ஆடுவது வரைக்கும் தெரிந்தது. நல்லாயிருக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், மிகவும் நல்லாயிருந்தது.

ஆமி நம் தெருவைச் சுற்றிவளைத்துத் தேடியது அதற்குப் பிறகுதான். காலையில் வந்து எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் முன் அறையில் நின்று வயர்களையே பார்த்தான். கீபோட்டிலிருந்து கொம்பியூட்டருக்கு ஒன்று, அதிலிருந்து உன் காதுக்கு ஒன்று, திரையில் கோடு கோடாக ஏதோ ஓடுகிறது. இதால் யாருக்குச் செய்தி அனுப்புகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். உனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் இது பியானோ என்றாய். துவக்கைத் தோளில் சரித்துவிட்டு, ஹெட்போனைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, வாசி என்றான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் விரல்கள் ஓடுகின்றன, அறையில் கட்டைகளின் டக் டக் மட்டும் கேட்கிறது, அவனுடைய முகத்தில் ஒன்றுமே இல்லை. வயரை ஆட்டிப் பார்த்தான். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். பிறகு ஹெட்போனைக் கழற்றித் தந்துவிட்டு, "சத்தம் போதாது" என்று தன் பாஷையில் சொல்லிவிட்டுப் போனான். உன்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு என் மண்டைக்குள் இருந்தது.

அவர்கள் படலையைத் தாண்டின பிறகு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அம்மா, அவன் சொன்னது சரிதான். இந்த சொப்ட்வெயரில ஏதோ பிழை. நல்லா வாசிச்சாலும் சத்தம் வருகுதில்லை." அதற்கு நான், இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த நான், "ஓம், எனக்கும் அப்பிடித்தான் படுது" என்றேன். நீ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாய். அதில் ஒரு கோடு, இடது பக்கக் கீழ் மூலையிலிருந்து வலது பக்க மேல் மூலைக்கு நேராகப் போகிறது. மெல்ல அமத்தினால் எவ்வளவு சத்தம், ஓங்கி அமத்தினால் எவ்வளவு சத்தம் என்று சொல்கிற கோடு அது என்றாய். மௌஸால் அதன் நடுவைப் பிடித்து மேலே இழுத்தாய், கோடு வயிறு தள்ளி வளைந்தது. பிறகு வாசித்தாய். பியானோ விழித்துக்கொண்டது. "அம்மா, வந்திட்டுது" என்று நீ சிரித்த சிரிப்பைக் கண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே பதிவு செய்து நசீரின் கடையிலிருந்து அனுப்பினோம். வாசிப்பில் நல்ல உயிர் இருக்கிறது, நேரில் வந்து ஹோட்டல் பியானோவில் வாசித்துக் காட்டு என்று பதில் வந்தது. வேதக்கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன்.

இன்று காலை உன் கதிரையில் போய் இருந்தேன். வேறு ஒன்றுமில்லை, நீ செய்து வைத்ததைப் பார்க்க ஆசையாக இருந்தது. அந்தக் கோட்டின் பக்கத்தைத் திறந்தேன், எதையோ அமத்தினேன், உன் வளைவு போய்விட்டது. கோடு பழையபடி நேராகக் கிடந்தது. வால்ட்ஸை வாசித்துப் பார்த்தேன், அடுத்த வீட்டில் யாரோ வாசிக்கிற மாதிரிக் கேட்டது. உன் இத்தனை நாள் உழைப்பை உடைத்துவிட்டேன். திரும்ப வளைக்கப் பார்த்தேன், ஏலாமல் போனது. என் குணம் உனக்குத் தெரியும்தானே. வந்த ஆத்திரத்தில் இரண்டு கையையும் ஓங்கிக் கட்டைகளில் குத்தினேன்.

மகன், அப்போது வந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். முழுப் பியானோ. அடியிலிருந்து எழும்பி, கம்பிகளெல்லாம் அதிர்ந்து, ஆறுதலாக அடங்கியது. போர்வை செருகுவதற்கு முந்தின என்னுடைய பியானோ. காதில் ஹெட்போன் இருந்தது, வெளியே ஒருவருக்கும் கேட்டிருக்காது. அப்படியிருந்தும் நான் முதலில் திரும்பி யன்னலைத்தான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் விளங்கியது. அந்த சொப்ட்வெயரில் ஒரு நாளும் பிழை இருக்கவில்லை. பிழை நம் கையில் இருந்தது. ஒருவருக்கும் கேட்காது என்று தெரிந்தும், காதுக்குள் மட்டும் கேட்கிற பியானோவைக்கூட நாம் பயந்து பயந்துதான் வாசித்திருக்கிறோம். அந்தப் பயத்துக்கு ஏற்றபடி கோட்டை வளைத்துவிட்டு, சரி வந்துவிட்டது என்று சிரித்திருக்கிறோம்.

ஹோட்டல் பியானோவில் வளைக்கக் கோடு இல்லை. அது நேர்கோடு, கட்டையும் கனம். நீ இங்கே தடவின மாதிரி அங்கே தடவினால் முன்னால் இருக்கிறவர்களுக்குக் கோப்பைச் சத்தம்தான் கேட்கும். அனுப்பின பதிவு வேறு யாரோ வாசித்தது என்று நினைப்பார்கள். உன்னைத் திரும்ப இந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதை நினைத்ததும் செருப்பைக் கொழுவிக்கொண்டு நசீரின் கடைக்கு ஓடினேன். அங்கேயும் போன் இல்லை. "என்ட மொபைலும் சும்மா கட்டை மாதிரிக் கிடக்கு, டீச்சர். பயப்படாதீங்க, பியானோவில குந்தினா மகனுக்குத் தன்பாட்டில விளங்கும்" என்றார். "விளங்காது, நசீர். படிப்பிச்சது நான்" என்றேன். அவர் ஒரு போத்தல் சோடாவை உடைத்துத் தந்தார், குடிக்காமல் வந்துவிட்டேன்.

இதுவரைக்கும் எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன், கதிரை விழுந்தது. அப்பா. "வந்து சேந்திட்டம். இரண்டு இடத்தில இறக்கினவங்கள், பிறகு விட்டிட்டாங்கள். லைன் இப்பதான் கிடைச்சது" என்றார். அவரிடம் சுகம்கூடக் கேட்கவில்லை, மனுஷன் மனவருத்தப்பட்டிருப்பார், என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு. "அவனிட்டக் குடுங்கோ" என்றேன். நீ வந்தாய். "அம்மா, கெதியாச் சொல்லுங்கோ, வெளிக்கிட வேணும்." நான் வாயைத் திறந்தேன், துறைமுகப் பக்கம் வெடி போனது. நின்றுவிட்டேன். கொழும்பில் நின்ற நீயும் என்னவென்று கேட்காமல் காத்து நின்றாய். அந்தக் கரையில் போய் விழுந்தது. "இப்ப சொல்லுங்கோ" என்றாய்.

சொன்னேன். கோடு, போர்வை, உன் கை, என் கை, எல்லாவற்றையும் சொன்னேன். "என்ன அம்மா? ஒண்டும் கேக்கேல்லை" என்றாய். இன்னொரு தரம் சொன்னேன். "லைன் இரையுது, சத்தமாக் கதையுங்கோ." நான் சத்தமாகத்தான் கதைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டுப் போனில் இத்தனை வருஷமும் நான் குசுகுசுத்துத்தான் கதைத்திருக்கிறேன் போல. "அம்மா, காசு முடியப் போகுது" என்றாய். அப்போது கத்தினேன். நான் பெற்ற உன்மேல் ஆணையாக, வாழ்க்கையில் அப்படிக் கத்தினதில்லை. "ஓங்கி வாசியடா. தோளால வாசி. ஆருக்கும் பயப்படாத, கேக்கட்டும், எல்லாருக்கும் கேக்கட்டும்." லைன் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு நீ, "ஓம் அம்மா, கேட்டது. ரோட்டுக்கே கேட்டிருக்கும்" என்றாய். சிரித்தாயா அழுதாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதோடு அறுந்துவிட்டது.

ரோட்டுக்குக் கேட்டதுதான். முன்வீட்டு அன்ரி படலைக்கு வந்து, "என்ன டீச்சர், ஆருக்கு என்ன" என்று கேட்டார். சந்திச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் திரும்பி நம் வீட்டைப் பார்த்தான். நான் யன்னலில்தான் நின்றேன், உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது நீ வாசித்துக்கொண்டிருப்பாய். என்ன முடிவு என்று தெரியாமலே இதை மடிக்கிறேன். உன் கோட்டை நான் திரும்ப வளைக்கவில்லை, அது நேராகவே கிடக்கிறது. அதைப் பார்த்துக் கோபிக்கவென்றும் நீ இங்கே வராதே, மகன். வேலை கிடைத்தால் விடைபெற வருகிறேன் என்று பஸ் ஏறாதே, அங்கிருந்தே கப்பலுக்குப் போ. கிடைக்காவிட்டால் அப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு அங்கேயே நில், வேறு வழி பார்ப்போம். என்னைப் பற்றி யோசிக்காதே. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், நானும் இனி ஓங்கி வாசித்துப் பழக வேண்டும்.

உன் அம்மா